குளிர்ந்த கையின் கணக்கு

அன்று காலையில் பின் மூன்று தடவை கீழே விழுந்தது. பாடசாலைக்குப் போகுமுன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பர்தாவை மடித்து நாடிக்குக் கீழே குத்துகிற சின்னப் பின். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு குத்திய பின். முதல் தடவை விழுந்தபோது பின்னைத் திட்டினேன். இரண்டாவது தடவை அதை விற்ற கடைக்காரரைத் திட்டினேன். மூன்றாவது தடவை குனிந்து எடுக்கும்போதுதான் என் வலது கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, கையின் பின்புறத்தில் புடைத்திருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகக் கிடந்தது.

அதை வேறு யாராவது பார்த்திருந்தால் வயசாகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பள்ளத்தை நான் ஏற்கெனவே என் காக்காவின் கையில் பார்த்திருந்தேன்.

காக்கா என் ஒரே மூத்த சகோதரர். படகு எஞ்சின் திருத்துகிறவர். மற்றவர்கள் ஸ்பேனர் போட்டுத் திணறுகிற நட்டைக் கையாலேயே கழற்றி எறிவார். ஒரு நாள் மோட்டார் சைக்கிள் திறப்பை அவர் கையால் திருப்ப முடியவில்லை. பிறகு சாரன் முடிச்சு நிற்கவில்லை. பிறகு கால், பிறகு நாக்கு. தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி, மருந்து இல்லை என்றார்கள். ஊருக்கு நாங்கள் ‘வாதம்’ என்று சொல்லி வைத்தோம். இரண்டரை வருடத்தில் மௌத்தாகிவிட்டார்.

இடையில் யாரோ ஒரு டொக்டர், சில குடும்பங்களில் இது இரத்தத்தோடு வரும் என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காக்கா தன் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பாடசாலை நேரத்தோடு விடும். நேரே அவர் வீட்டுக்குத்தான் போவேன். சலாம் சொல்லி உட்காருமுன், “கையை விரி” என்பார். ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்ட வேண்டும். தன் விரலால் என் விரலை உள்ளே தள்ளிப் பார்ப்பார். அது அசையாமல் நின்றால், “சரி, போய்த் தேத்தண்ணி குடி” என்பார். பேச்சுப் போன பிறகு அவருக்குப் பதிலாக அவர் மனைவி, என் மதினி, சொன்னார், “கையை விரிக்கட்டாம்.” கடைசி மாதங்களில் அதுவும் இல்லை. என் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு என் கையைப் பார்க்க யாரும் இருக்கவில்லை. நானே பார்த்துக்கொண்டேன். பின்னேரம் பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்தி முடித்ததும், சாப்பாட்டு மேசையில் வலது முழங்கையை ஊன்றிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இடது கையை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தபடி இருப்பேன். பத்து நிமிடம் என்று உட்காருவேன். இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போதும் அப்படியே இருப்பேன். தபால் கந்தோரில் வேலை செய்கிற என் கணவர் அதிகம் கதைக்காதவர். இதற்கு மட்டும் வாய் திறப்பார்.

“கன்னத்தில கை வைச்சிட்டு இரிக்காத. வீட்டுக்கு ஆகாது.”

“கணக்கு டீச்சருக்குச் சகுனம் சொல்லாதீங்க,” என்பேன் நான். இரண்டு வருடமாக இந்த ஒரே சண்டை.

பின் விழுந்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இடது கையால் பின் குத்தப் பழகினேன். நாலாம் நாள் அவர் எனக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வந்து, “உடுத்து வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் விரல்களை அழுத்தி, இழுத்து, சின்னச் சுத்தியலால் முழங்கையிலும் முழங்காலிலும் தட்டிப் பார்த்தார். காக்காவின் கதையைக் கேட்டதும் அவர் பேனை நின்றது. “விறைப்பு, மரத்துப்போறது ஏதும் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சுண்டுவிரலில் ஒரு மரத்த தன்மை கொஞ்ச நாளாக இருந்ததுதான். ஆனால் காக்காவுக்கு விறைப்பு இருந்ததில்லை. ஆகவே என் விறைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வந்த வியாதி எது என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கேற்ற தரவுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாணவி இப்படிச் செய்திருந்தால் கொப்பியில் பெரிய பிழை அடையாளம் போட்டிருப்பேன்.

அவர் கரண்ட் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். நரம்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்களாம்.

பரிசோதனை நாள் மாரி மழை விடாமல் பெய்தது. எனக்கு எட்டாம் இலக்கம் கிடைத்தது. உடம்புக்குள் மின்சாரம் போகிற நேரத்தில் ஆயுள் முடிகிறதென்றால் அது ஒளுவோடு முடியட்டும் என்று நினைத்தேன். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி எடுக்கிற அந்தச் சுத்தத்தோடு. ஆஸ்பத்திரித் தொழுகை அறைப் பைப்பில் மழைக் குளிர் ஏறிய தண்ணீரில் முழங்கைவரை கழுவி, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்து வாங்கில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். கணவர் என் கையைப் பிடித்தார்.

“என்ன செய்யிறீங்க. ஒளு முறிஞ்சி போச்சு.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கணவன் கை பட்டாலும் ஒளு முறியும், திரும்ப எடுக்க வேண்டும். அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் எழுந்து போய்த் திரும்பவும் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தேன். ஆறாம் இலக்கம் போன ஒரு வயசாளி அழுதுகொண்டு வெளியே வந்தார். என் கணவர் மறுபடியும் என் கையைப் பிடித்தார்.

“நான் யோசிச்சா பிடிச்சன்,” என்றார், நான் முறைத்ததும்.

மூன்றாவது தடவை கழுவிவிட்டு வரும்போது என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். துடைக்க நேரமில்லை. ஈரக் கையோடு உள்ளே போனேன். ஏசி இயந்திரம் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது.

பரிசோதனை செய்தவர் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு இளம்பெண். ஆணாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல். திரையை இழுத்துவிட்டு என் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். என் கையைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“கை எப்பவும் இப்பிடிக் குளிரா இருக்குமா டீச்சர்?”

“ஓம், எப்பவும் இப்பிடித்தான்.”

“கொஞ்சம் சூடாக்கிட்டுச் செய்வமா?”

சூடாக்குகிற நேரத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், பிறகு டொக்டர் போய்விடுவார், பிறகு இன்னொரு திகதி தருவார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் என் தலையில் ஓடியது. “வேணாம் மகள். கெதியாச் செய்ங்க” என்றேன். அவள் தாளின் அடியில் பென்சிலால் ஏதோ எழுதினாள்.

விரலிலும் உள்ளங்கையிலும் சின்னத் தகடுகளை ஒட்டினாள். இரண்டு முனை உள்ள ஒரு கருவியை மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். டக். வலி பெரிதாக இல்லை. மின்சார வேலியைத் தொட்டுவிட்ட மாதிரி ஒரு வெட்டு. ஆனால் என் விரல் தானாகத் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. என் விரல் என்னைக் கேளாமல் வேறொருத்திக்குக் கீழ்ப்படிந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. கணினித் திரையில் ஒரு கோடு மலையாக எழும்பி இறங்கியது. பிறகு முழங்கைக்குக் கீழே ஒரு டக், முழங்கைக்கு மேலே ஒரு டக். பிறகு தையற்காரர் நாடாவால் அந்த மூன்று இடங்களுக்கும் இடையில் அளந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தூரம், நேரம், வேகம். எட்டாம் வகுப்புக்கு நான் வருடா வருடம் படிப்பிக்கிற பாடம். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு இருநூற்றிருபது மில்லிமீற்றர், ஐந்து மில்லிசெக்கன். செக்கனுக்கு நாற்பத்து நாலு மீற்றர். மனதுக்குள் பிரித்து முடித்துவிட்டேன்.

இடது கையையும் கால்களையும் செய்து முடித்து அவள் தாளை அச்செடுக்கப் போனபோது நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று இன்னொரு எண். நாற்பத்து நாலுக்குப் பக்கத்தில் ஐம்பது. இடது கையும் குறைவு. இரண்டு காலும் குறைவு. ஓர் எண்கூட இருக்க வேண்டிய அளவை எட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தாளை மடித்து உறைக்குள் போட்டாள்.

“டொக்டர் பார்த்துச் சொல்லுவார் டீச்சர். ரெண்டு கிழமையால வாங்க.”

அந்த இரண்டு கிழமை, பதினாலு நாளும், எப்படிப் போனது என்று கேட்டால், போகவில்லை என்றுதான் சொல்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இமை துடித்தால் அதுதான். தேத்தண்ணி புரையேறினால் அதுதான். குளிக்கும்போது தொடைச் சதை துடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதைத் துடிக்க வைத்தேன். கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பிறகு ஆசிரியர் மலசலகூடத்தில் போய் நின்று அழுதேன். வீட்டில் எந்தப் பத்திரம் எந்த லாச்சியில் இருக்கிறது என்று கணவருக்குக் காட்டினேன். அவர் லாச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரங்களில் அதே மேசை, அதே முழங்கை, அதே கன்னம். கன்னத்தில் கை வைக்காதே என்று அவர் அந்த இரண்டு கிழமையும் ஒரு தடவையும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

மதினி வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. போனால் என் கை அவர் கண்ணில் படும். ஒருத்தருக்குச் சோறு ஊட்டி, சளி உறிஞ்சி எடுத்து, கடைசிவரை தூக்கிப் புரட்டிய மனிசி. அந்தப் பள்ளத்தை அவருக்கு இன்னொரு தடவை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

டொக்டரிடம் போன நாளும் மழைதான். அன்றும் நான் ஒளு எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். புத்தி வரவில்லை, வந்தால்தானே. டொக்டர் உறையைப் பிரித்து எண்களைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு தாளின் அடியில் இருந்த பென்சில் எழுத்தைப் படித்தார். எட்டி என் கையைத் தொட்டார்.

“அண்டைக்கும் இப்படித்தான் குளிர்ந்து இருந்ததா?”

என் கணவர்தான் சொன்னார். “மூன்று தடவை கழுவினா, சேர்,” என்றார். ஏன் என்று டொக்டர் கேட்க, தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் கையைப் பிடிச்சதால” என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாகத்தான் ஓடும், நல்ல நரம்பும் அப்படித்தான் என்றார். எல்லா நரம்பும் பின்தங்கியிருக்கிறது, இது உங்கள் நரம்பின் கதையா தண்ணீரின் கதையா என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே கேள்வியில் தோற்றால் பிள்ளைகளில் பிழை இல்லை, வினாத்தாளைப் பார் என்று இருபத்திரண்டு வருடமாக மற்ற ஆசிரியர்களுக்குப் புத்தி சொல்லி வருகிறவள் நான். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு.

கையைச் சூடாக்கித் திரும்பச் செய்யும்படி டொக்டர் அப்போதே அனுப்பினார். பரிசோதனை அறையில் அதே பெண். சுடுதண்ணீர்ப் பை ஒன்றை என் காலுக்குக் கீழே வைத்தாள். கைக்கு இன்னொன்று தேடினாள், கிடைக்கவில்லை. வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்தாள்.

“ஐயா, கொஞ்ச நேரம் டீச்சர்ர கையைப் பிடிச்சுச் சூடாக்கி விடுங்களன்.”

அவர் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கரண்ட் போகிற நேரத்தில் ஒளு இல்லாமல் இருப்பதா என்று நான் ஒரு நொடி யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டினேன். தபால் முத்திரை குத்திக் குத்திக் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளுக்குள் என் கையை வைத்துத் தேய்த்தார், முழங்கைவரை. கால் மணித்தியாலம் அப்படியே நின்றார்.

திரும்பவும் டக், டக். திரும்பவும் நாடா. இந்தத் தடவை நான் கணக்குச் செய்யவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு டொக்டரே வந்து ஊசிப் பரிசோதனை செய்தார். மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, அதிலிருந்து வருகிற மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்பது. “ஓய்வா இருக்கிற நல்ல தசை சத்தம் போடாது” என்றார். முதல் ஊசி அந்தப் பள்ளத்தில். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒலிபெருக்கி படபடத்தது. எனக்கு எல்லாம் முடிந்துபோனது. காக்காவின் கட்டில், சளி உறிஞ்சும் குழாய், மதினியின் முகம், எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன. மரண நேரத்தில் சொல்கிற கலிமாவை வாய்க்குள் சொல்லத் தொடங்கினேன்.

அடுத்த ஊசி பெருவிரல் அடிச் சதையில். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. முன்கையின் மேற்பக்கம். ஒன்றும் இல்லை. தோள். ஒன்றும் இல்லை. முதுகில், கழுத்தடியில், முதுகெலும்புக்குப் பக்கத்தில். ஒன்றும் இல்லை. இடது கை, தொடை, கெண்டைக்கால். ஒவ்வொரு தடவையும் ஊசி ஏறும்போது ஒரு சின்ன இரைச்சல், பிறகு அமைதி. அவ்வளவு ஆசையாக நான் வாழ்நாளில் எதையும் கேட்டதில்லை.

டொக்டர் ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார், “உண்மையைச் சொல்லுங்கோ டீச்சர். சுண்டுவிரல் விறைக்கிறதா?”

“ஓம். ஆனா அது சின்ன விஷயம்.”

“அதுதான் இதில நல்ல செய்தி. உங்கட சகோதரர்ர வருத்தத்தில விறைப்பு வராது.”

பிறகு என்னை மேசைக்கு முன்னால் உட்காரச் சொன்னார். வீட்டில் கவலையாக இருக்கும்போது எப்படி இருப்பீர்கள், அப்படியே இருந்து காட்டுங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. வலது முழங்கை மேசையில் ஊன்றியது, கன்னம் உள்ளங்கையில் போய்ச் சேர்ந்தது. வாசலில் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

சூடான கையில் எல்லா நரம்பும் ஒழுங்காக ஓடியதாம். ஒரேயொரு நரம்பு, அதுவும் முழங்கையைக் கடக்கிற ஓரிடத்தில் மட்டும் தவழ்ந்தது. சுண்டுவிரலுக்கும் அந்தப் பள்ளத்துச் சதைக்கும் போகிற நரம்பு அது. முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் தோலுக்குக் கீழேயே கிடக்கிறது. இரண்டு வருடமாக மடித்து, ஊன்றி, நசுக்கி வைத்திருந்தது நான்தான். காக்காவின் வியாதி வந்துவிடுமோ என்று பயந்து பயந்து உட்கார்ந்த அந்த இருப்பே என் கையைத் தின்றிருக்கிறது. முழங்கையை இனி ஊன்றக் கூடாது என்றார். சதை முழுவதும் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார்.

ஆட்டோவில் வரும்போது கணவரிடம், “வீட்ட போக வேணாம், மதினிட்டப் போவம்” என்றேன்.

மதினி முற்றத்தில் மழைத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஈர்க்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தார். நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பின், பள்ளம், கரண்ட், ஊசி, முழங்கை. சொன்ன வேகத்தில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையை விரிங்க,” என்றார்.

விரித்தேன். அவர் ஒவ்வொரு விரலாகத் தள்ளிப் பார்த்தார், காக்கா பார்த்த அதே விதமாக. பிறகு விரல்களைச் சேர்க்கச் சொன்னார். நாலு விரலும் சேர்ந்தன. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை, தனியாக விலகி நின்றது. மதினி அதைப் பிடித்து மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தார், என் கையை விடாமல்.

“அவர்ர கை இப்பிடி இல்ல,” என்றார். “போய்த் தேத்தண்ணி குடிங்க.”